ரிலே மட்டும் போதாது

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை கார் ஆலைகளும் உதிரிபாக ஆலைகளும் நிறைந்துள்ளன. இன்றைய பெட்ரோல் கார்களில் இன்ஜின் நின்றால், மின் பம்பையும் கணினி நிறுத்திவிடும். பழைய கார்புரேட்டர் கார்களில் பின்னர் பொருத்தப்படும் மின் பம்புக்கு அந்தக் காவல் இல்லை.

முன்பு பம்பை இன்ஜினே இயக்கியது. இரண்டும் சேர்ந்தே நின்றன. மின் பம்போ, சாவி திருப்பப்பட்டிருக்கும் வரை ஓடும். விபத்தில் குழாய் அறுந்தால் சூடான இன்ஜின்மீது பெட்ரோலைப் பாய்ச்சும்.

பம்புக்கான மின்சாரத்தைச் சாவியின் தொடுமுனைகள் சுமக்காதிருக்கவே ரிலே. அதன் 30-ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக மின்சாரம் வரும். 87 பம்புக்கு, 86 சாவிக்கு, 85 எர்த்துக்கு. பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். சாவிக்கும் 86-க்கும் இடையே ஆயில் அழுத்த சுவிட்ச் ஒன்றும் வேண்டும். அழுத்தம் எழுந்தால் மட்டுமே அது இணைக்க வேண்டும். எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்ச் நேர்மாறாக இயங்குவதால் உதவாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் எஞ்சிய பெட்ரோல், இன்ஜின் கிளம்பி அழுத்தம் எழும்வரை பொதுவாகப் போதும்.

பொருளியலில் இதைப் புறவிளைவு என்பேன்: சிறு செலவை மிச்சம்பிடிப்பவர் உரிமையாளர், தீயின் இழப்பில் அடுத்த வண்டிக்காரருக்கும் பங்கு. 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்க ஆய்வு நடக்கிறது. அப்போது இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்க்கட்டும். பம்பு தொடர்ந்து ஓடினால், அதைச் சரிசெய்த பிறகே புதுப்பிப்பு என்று விதி வகுக்கலாம்.