எண்ணிப் பார்க்கும் அன்பு

பசித்தோர்க்கு உணவும் நோயுற்றோர்க்கு மருந்தும் அளிப்பது அறம் என்பதை நாம் அறிவோம். ஆனால், அளித்த உணவு பசியைத் தீர்த்ததா, மருந்து நோயைப் போக்கியதா என்று திரும்பிச் சென்று கேட்பதும் அறத்தின் பகுதியே. அவ்வாறு கேட்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் என எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று என்பதற்கு வங்காள தேசத்தில் நிகழ்ந்த ஒரு பெரும்பணி சான்றாக நிற்கிறது.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த நீரைப் பருகக் கொடுத்து இவ்விழப்பை ஈடுசெய்யலாம் என்பதை 1968-ஆம் ஆண்டில் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்து மருத்துவர்கள் மெய்ப்பித்தனர். ஆயினும், மருத்துவமனை அறிந்த உண்மை குடிசைக்கு எட்டவில்லை.

அதனை எட்டச் செய்ய முனைந்தது, 1972-இல் ஃபசல் ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்னும் தொண்டு நிறுவனம். 1979-இல் சுல்லா பகுதியில் முதற்சோதனை நடந்தது. 1980 முதல் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர். இவற்றைக் கலக்கும் முறையைத் தாய்மார்க்குக் கற்பித்தனர். நினைவில் நிறுத்த வேண்டிய செய்திகள் பத்து. உப்பு மிகுந்தால் மருந்தே தீங்காகிவிடும். எனவே அளவு பிறழாமை இன்றியமையாதது.

‘இத்தனை வீடுகளுக்குச் சென்றோம்’ என்று அறிக்கை எழுதி நிறைவடைந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வேறு ஊழியர் சென்று, பொறுக்கியெடுத்த சில வீடுகளில் தாய்மாரைச் சந்தித்தனர். பத்துச் செய்திகளில் எத்தனை நினைவிலுள்ளன என்று கேட்டனர். கரைசலைச் செய்து காட்டச் சொல்லி, அதன் மாதிரியை ஆய்வுக்கும் அனுப்பினர். கற்பித்தவரின் ஊதியமோ, நடந்த வீடுகளின் எண்ணிக்கையால் அன்றி, தாயின் மனத்தில் தங்கியதன் அளவால் அமைந்தது.

இங்கேதான் எதிர்பாராத உண்மை வெளிப்பட்டது. தாய்மார் நன்கு கற்றிருந்தனர்; ஆனால் குழந்தை நோயுற்றபோது அக்கரைசலைக் கொடுத்தவர் மிகச் சிலரே! காரணம் யாது? கற்பித்த ஊழியரிற் பலருக்கே அக்கரைசலில் நம்பிக்கை இல்லை. தாம் நம்பாததைப் பிறர் நம்பும்படி எவ்வாறு கூற இயலும்? மேலும், வீட்டு ஆடவர்க்கு எவரும் எதையும் விளக்கவில்லை. எனவே, கரைசல் உயிரைக் காக்கும் விதத்தை ஊழியர் நேரிற் காண வழி செய்யப்பட்டது. ஆடவர்க்கெனத் தனிக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. வழக்கம் மெல்ல வேரூன்றியது. 1990-இல் அப்பணி நிறைவுற்றபோது 1 கோடியே 20 லட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்களை அது எட்டியிருந்தது.

சென்ற வீடுகளை மட்டும் எண்ணியிருந்தால் அது தொடக்கத்திலேயே வெற்றியாகத் தோன்றியிருக்கும். தாயின் நினைவை மட்டும் அளந்திருந்தாலும் அவ்வாறே. குழந்தை பருகிற்றா என்று கேட்டதாலன்றோ குறை தெரிந்தது! குறை தெரிந்தபின் தாய்மாரைப் பழிக்காமல், தம் முறையைத் திருத்திக்கொண்டதே அப்பணியின் சிறப்பு.

நூறு ஆடுகளை உடைய ஆயனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஓர் ஆடு காணாமற்போனதை அவர் எவ்வாறு அறிந்தார்? மாலையில் எண்ணிப் பார்த்ததால் அன்றோ! அந்த எண்ணிக்கை ஐயத்தினின்று பிறந்ததன்று; ஒன்றையும் இழக்க மனமில்லாத அன்பினின்று பிறந்தது.

நம் பங்குகளிலும் தையல் இயந்திரங்கள் வழங்குகிறோம், கல்விக்கு உதவுகிறோம், தவக்காலக் காணிக்கை சேர்க்கிறோம். வழங்கும் நாளில் விழா எடுக்கும் நாம், ஓராண்டு கழித்து அவ்வில்லங்களுக்குச் சென்று, ‘இது உமக்குப் பயன்பட்டதா? வேறு எவ்வாறு செய்திருக்கலாம்?’ என்று பணிவுடன் கேட்போமாக. பெற்றவரின் மறுமொழியே அடுத்த ஆண்டின் அறப்பணிக்கு வழிகாட்டட்டும்.