குளவி வேடம் கட்டும் விட்டில்

கூத்துப் பார்க்கப் போனால் எனக்குக் களரியைவிட அதன் பின்பக்கம்தான் பிடிக்கும். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடும் இரவுகளில், அரிதாரம் பூசி முடி வைத்து ஒரு ஆள் அரசனாகிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடே இல்லை. அதே அதிசயம் வேலியோரப் பாவட்டைப் பத்தைக்குள்ளும் நடக்கிறது. வாருங்கள், மெல்ல எட்டிப் பார்ப்போம்!

முதலில் களரியில் ஆள் யாரென்று பாருங்கள். வெயில் ஏற, எக்சோராப் பூவுக்கு முன்னால் இரைந்துகொண்டு வந்து நிற்கிறார். கண்ணாடி போலத் தெளிந்த சிறகு, மஞ்சள் கலந்த பச்சை முதுகு, இடுப்பில் செம்மண் நிறப் பட்டி, வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். "ஐயோ, கொட்டப்போகுது!" என்று பிள்ளைகள் ஓடுவார்கள். ஓடவே தேவையில்லை. கொடுக்கு என்பது குளவி, தேனீ இனங்களில் பெண்ணின் முட்டையிடும் உறுப்பு மாறி வந்த ஆயுதம். இவரோ விட்டில், 1771இல் லின்னேயஸ் விவரித்த செபனோடிஸ் ஹைலாஸ். கொடுக்குக்கு எங்கே போவார்!

இனிப் பின்பக்கம். பாவட்டை இலையிலும் காரை இலையிலும் வாலில் ஒற்றைக் கொம்போடு ஒரு புழு மேயும். தின்று கொழுத்ததும் கீழே இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். அதற்குள்ளிருந்து வெளியே வருபவரின் சிறகைப் பார்த்தால் கண்ணாடியே இல்லை! சாம்பல் நிறச் செதில் அப்பிய சாதாரண விட்டில் சிறகு. பிறகு சிறகடித்து முதன்முதலாக எழும்பும்போது அந்தத் தூள் உதிர்கிறது. ஒரே பறப்பில் நரம்போடிய தெளிந்த கண்ணாடி. கூத்தர் பூசி வேடம் கட்டுவார். இவர் பூச்சை உதறி வேடம் கட்டுகிறார். நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கிறது.

இந்த வேடம் எதற்கு? குளவியிடம் ஒருக்கால் கொட்டு வாங்கிய குருவி அந்தச் சாயலில் எதைக் கண்டாலும் ஒதுங்கும். அமேசன் காட்டுப் பூச்சிகளை வைத்து இந்த வித்தையை 1862இல் எழுதிவைத்தவர் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

வேடம் கலைக்க ஒரு வழி: குளவியோ தேனீயோ பூவில் அமர்ந்து குடிக்கும். இவர் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட குழலை நீட்டி உறிஞ்சுவார்.

வளவு துப்பரவாக்கும்போது பாவட்டையை வெட்டுமுன் இலைக்கு அடியில் ஒருக்கால் பாருங்கள். கொம்புப் புழு இருந்தால் அந்தப் பத்தையை விட்டுவிடுங்கள்.