பலெர்மோவின் பசியும் பருமனும்

1952 அக்டோபர் 14. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு மேற்கே, கடலோரத்தில் இருக்கும் மீனவ ஊர் திராப்பெத்தோ. அங்கே பட்டினியால் செத்துப்போன ஒரு குழந்தையின் கட்டிலில் டானிலோ தோல்ச்சி படுத்து, உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். அவர் இத்தாலியின் வடக்கிலிருந்து அந்த ஆண்டுதான் வந்து குடியேறியவர். ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்று அதிகாரிகள் வாக்குக் கொடுத்த பிறகே எழுந்தார். சிசிலியின் காந்தி என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. பலெர்மோவின் ஏழைகள் தங்கள் வயிற்றுப்பாட்டைத் தங்கள் வாயாலேயே சொல்லும் அவருடைய நூல் 1956இல் வந்தது.

அதே மண்ணில் இன்றைய கவலை வேறு. 2023இல் இத்தாலி முழுவதும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை எடை பார்த்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு உடற்பருமன். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு எடை கூடுதல். தெற்குப் பகுதிகளில் நிலைமை இதைவிட மோசம். ஆலிவ் எண்ணெயும் மீனும் காய்கறியுமாக உலகம் மெச்சும் மத்தியதரைக் கடல் உணவின் சொந்த வீட்டில் இப்படி நடந்திருக்கிறது.

எழுபது ஆண்டுகளில் மனிதரின் மரபணு மாறிவிடாது. மாறியவை தட்டும் உழைப்பும்தான். அதனாலேயே பருமனானவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தப் பேச்சு கொடுமையாகப் படுகிறது. அது உடம்பின் பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை.

கொழுப்பை நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் போலத்தான் மருத்துவம் வெகுகாலம் பார்த்தது. 1970களில் ஹோவர்ட் கிரீனும் உடனிருந்தவர்களும் எலிச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தபோது, கொழுப்பே இல்லாத முன்னோடிச் செல் ஒன்று கொழுப்புச் செல்லாக உருமாறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அந்த உருமாற்றத்தின் தொடக்கத்திலேயே தலைகாட்டும் நொதிகளில் ஒன்று லைபோபுரோட்டீன் லைபேஸ். இரத்தத்தில் மிதந்து வரும் கொழுப்பை அது உடைத்துக் கொடுத்தால்தான் செல்லுக்குள் போகும். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், கொழுப்புத் திசுவில் அந்த நொதியை முடுக்கிவிடுகிறது. சேர்ந்த கொழுப்பைக் கரைக்கும் நொதிகளை அடக்கிவைக்கிறது. கரைக்கும் வேலையில் முதல் வெட்டை வெட்டும் நொதி எது என்பதே 2004இல்தான் தெளிவானது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னரின் குழு அதைக் கண்டறிந்த அதே ஆண்டில் வேறு ஆய்வகங்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

இன்னொரு நொதி, செயலற்றுக் கிடக்கும் கார்ட்டிசோனைக் கொழுப்புத் திசுவுக்குள்ளேயே கார்ட்டிசோல் என்ற செயல்படும் ஹார்மோனாக்குகிறது. எலிகளின் கொழுப்பில் இந்த நொதியை மட்டும் கூட்டிப் பார்த்த ஆய்வு 2001இல் வந்தது. எலிகளில் கார்ட்டிசோலின் வேலையைச் செய்யும் ஹார்மோன், உடல் முழுதும் ஓடும் இரத்தத்தில் ஏறவில்லை. ஆனாலும் எலிகளுக்கு வயிறு பெருத்தது, சர்க்கரைக் கட்டுப்பாடும் கெட்டது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 2008இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலிருந்து கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு வெளியிட்ட ஆய்வு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 மனித உடம்புக்குள்ளும் போயிருக்கிறது. அதை வைத்துக் கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு செல்கள் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் அமைந்துவிடுகிறது. வயிற்றில் அறுவைசிகிச்சை செய்து பெருமளவு இளைத்தவர்களிடமும் செல்கள் சுருங்கினவே தவிர, எண்ணிக்கை குறையவில்லை. இளைத்தவர் ஏன் மறுபடி பருமனாகிறார் என்பதற்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் எடைக் கணக்கு வெறும் எண்ணாக எனக்குத் தெரியாமல் போனதும் இதனால்தான்.

சிகிச்சையின் கதையும் நொதிகளின் கதைதான். சிசிலியைப் போலவே மத்தியதரைக் கடலில் உள்ள மயோர்கா தீவின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, 1980களில் லிப்ஸ்டாட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த ஆர்லிஸ்டாட் மாத்திரைக்கு 1999இல் அமெரிக்கா அனுமதி தந்தது. குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸை அது முடக்குகிறது; உண்ட கொழுப்பில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு செரிக்காமலே வெளியேறுகிறது. எண்ணெய் கசியும் மலம் தந்த சங்கடத்தால் பலர் பாதியில் விட்டார்கள். எடையும் பெரிதாக இறங்கவில்லை.

இன்று எல்லோரும் பேசும் ஊசி வேறு வழியில் போகிறது. சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை அனுப்பிப் 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிறது. டிபிபி-4 என்ற நொதி அதை ஓரிரு நிமிடங்களில் வெட்டிவிடும். ஹீலா என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நஞ்சில், இந்த நொதிக்கு வெட்டுப்படாத, அதே வேலையைச் செய்யும் பொருள் கிடைத்தபோதுதான் கதவு திறந்தது. அதிலிருந்து எக்செனடைட் 2005இல் நீரிழிவு மருந்தாக வந்தது. மனித ஹார்மோனையே வெட்டுப்படாதபடி திருத்தி, வாரம் ஒருமுறை போட்டால் போதும் என்றாக்கிய செமாக்ளூடைடுக்கு 2021இல் உடற்பருமனுக்கும் அனுமதி கிடைத்தது. பெரிய சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காடு குறைந்தது. நிறுத்தியவர்களுக்கோ, ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறியது. எண்ணிக்கை குறையாத செல்கள் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

2025 அக்டோபரில் இத்தாலி நாடாளுமன்றம் உடற்பருமனை நாள்பட்ட நோயாக ஏற்கும் தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. உலகில் இப்படிச் செய்த முதல் நாடு அதுவே. காசு அதிகம் ஒதுக்கவில்லை என்ற குறை உண்டு. ஆனாலும் எடையைக் குணக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கிறோம் என்று ஒரு அரசு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

இந்தச் சட்டத்தில் நம்மவர்களுக்கும் பங்கு இருக்கிறது. 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் பலெர்மோவில் வேரூன்றியிருக்கிறார்கள். பல்லாரோ சந்தைப் பக்கம் தமிழ்க் குரல் கேட்கும். மொந்தே பெல்லெகிரீனோ மலையேறி சாந்தா ரொசாலியா புனிதையைக் கும்பிடுவோரில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் உண்டு. இவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் சோறும், தெருவில் கடலைமாவைப் பொரித்துப் பன்னில் வைத்துத் தரும் பனெல்லேயும் உண்டு வளர்கிறார்கள்.

தெற்காசிய உடம்பு ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது. பூனேயின் யாஜ்னிக் என்ற மருத்துவரும் லண்டனின் யூட்கின் என்ற மருத்துவரும் 2004இல் தங்கள் உடம்பையே அளந்து 'லான்செட்' இதழில் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களில் பலருக்குத் தோலடிக் கொழுப்புச் செல்களின் கொள்ளளவு சீக்கிரம் நிரம்பி, மிச்சம் ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் போய்ச் சேர்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் வலுவான விளக்கங்களில் ஒன்று. பியோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரை புதிய கொழுப்புச் செல்கள் உருவாவதைத் தூண்டுகிறது. எடையும் சற்று ஏறும். ஆனால் சர்க்கரை கட்டுப்படும். கொழுப்புச் செல்லைப் பகையென்று மட்டும் நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஐரோப்பிய அட்டவணையில் குறியீடு 25 வரை ஆரோக்கியமான எடை, 30இல் உடற்பருமன். இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்த கணக்கில் 23இலேயே எடை கூடுதல், 25இல் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. குறியீடு 24 உள்ள ஒரு பலெர்மோத் தமிழரை ஐரோப்பிய அட்டவணை ஆரோக்கியமானவர் என்று அனுப்பிவிடும். அவர் எழுவதற்கு முன் மருத்துவரிடம் இடுப்பையும் அளக்கச் சொல்லிக் கேட்கலாம். பெற்றோருக்குச் சீனி வருத்தம் இருந்தால் இரத்தப் பரிசோதனையையும் அன்றே கேட்டு வாங்கலாம்.