கம்பர் வீட்டில் நாலு நாள்

நான் பேர்னில் இருக்கிறேன், தங்கச்சி லொசானில். ரயிலில் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். ஆனால் எங்கட பிள்ளைகளுக்கு இடையில் அதைவிடப் பெரிய தூரம் ஒன்று இருக்கிறது. என்னுடைய மகனும் மகளும் டொச் பள்ளிக்கூடம். அவளுடைய மகளும் மகனும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். இந்த இரண்டு மொழிப் பக்கங்களையும் பிரிக்கிற கோட்டுக்குச் சுவிஸில் பகிடியாக ‘ரோஸ்டிகிராபன்’ என்று பெயர். ரோஸ்டி உருளைக்கிழங்குச் சாப்பாடு, கிராபன் என்றால் பள்ளம். எங்கட குடும்பம் அந்தப் பள்ளத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது.

அம்மா இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. அவவின் வீட்டுக்குள் கால் வைத்தால் எல்லாருக்கும் தமிழ்தான். இரண்டு வருசத்துக்கு முதல் அவ போய்விட்டா. அதற்குப் பிறகு பிள்ளைகள் சந்தித்தாலும் ஆளுக்கொரு மூலையில் ரப்லெட்டோடு இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். சண்டை ஒன்றுமில்லை, கதைக்க மொழியில்லை.

போன யூலையில் தங்கச்சி கேட்டாள்: “அண்ணா, ஒரு கம்பர் வாடகைக்கு எடுத்துப் பிள்ளையளோட எங்கையாவது போவமா?” பள்ளி விடுமுறை கன்ரோனுக்குக் கன்ரோன் வேறு. இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்த ஒரு கிழமையைப் பிடித்தோம். என் மனைவிக்கும் தங்கச்சியின் கணவருக்கும் லீவு கிடைக்கவில்லை. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் நாலு பிள்ளைகளும்.

அப்பாவிடம் “கம்பரில போறம்” என்று சொன்னேன். அவர் சிரித்தார். “கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடுமாம். உங்கட பிள்ளையள் அதுக்குள்ள இருந்து ரெண்டு சொல்லுத் தமிழ் கதைச்சாலே காணும்.”

சுவிஸில் கடல் இல்லை. கடற்கரைக்குக் கிட்டவாக வரக்கூடியது திச்சினோவில் உள்ள லாகோ மஜோரே ஏரிக்கரைதான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 193 மீற்றர், நாட்டிலேயே ஆகப் பதிந்த இடம். அதன் வடக்குக் கரையில் தெனேரோ என்ற ஊர். அங்கே தண்ணீர் ஓரமாகவே கம்பிங் இடங்கள் இருக்கின்றன. இன்னொரு வசதியும் இருந்தது. அங்கே இத்தாலியன். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

முதல் பாடம் நிறை. சாதாரண கார் லைசென்சோடு 3.5 தொன் வரைதான் ஓடலாம். அந்தக் கணக்கில் ஆட்கள், தண்ணீர், காஸ், அரிசி எல்லாம் சேரும். எங்கட வண்டி வெறுமனே ஏறத்தாழ 3 தொன். 100 லீற்றர் தண்ணீர் நிரப்பினால் 100 கிலோ போய்விடும். நான் எக்செலில் போட்டுப் பார்த்துத் தங்கச்சியின் கிரைண்டரையும் பெரிய அரிசிப் பையையும் இறக்கினேன். “சமையல் பாத்திரத்தை நிறுக்கிற முதல் தமிழன் நீங்கள்தான்” என்றாள். 12 வயதுக்குக் குறைந்த, 150 சென்ரிமீற்றரை எட்டாத பிள்ளைகளுக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். பெல்ட் உள்ள ஆறு இருக்கை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கோ. ஆறு பேர் படுக்கலாம் என்பதும் ஆறு பேர் ஓடலாம் என்பதும் ஒன்றல்ல.

கொத்தார்ட் சுரங்கம் 16.9 கிலோமீற்றர். 1980இல் திறந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்ததும் பெயர்ப்பலகைகள் இத்தாலியனுக்கு மாறின. அதுவரை பின்னால் சத்தமில்லை. என் மகன் முதலில் வாய் திறந்தான்: “மச்சாள், உங்களுக்குப் பசிக்குதா?” டொச்சிலும் பிரெஞ்சிலும் அவள் வெறும் ‘கசின்’. அவள் கொஞ்சம் யோசித்து, “ஓம், கொஞ்சம். பிஸ்கட் இருக்கா?” என்றாள். முன்னுக்கு இருந்த தங்கச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் என்னிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். பேர்ன் டொச்சில்.

எங்களைப் போல இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். பெற்றோரோடு தமிழ், பிள்ளைகளோடு முயற்சி செய்து தமிழ், சகோதரங்களோடு பள்ளிக்கூடத்து மொழி. நான் அதை அதுவரை ஒரு விசயமாகவே நினைத்ததில்லை.

முதல் நாள் பின்னேரம் கெட்டிலைப் போட்டதும் வண்டி இருட்டாகிவிட்டது. எங்கட இடத்தில் 6 அம்பியர் பியூஸ். 230 வோல்ற்றில் 1,380 வாற்ஸ்தான் தாங்கும். கெட்டில் மட்டும் 2,000. சோத்துக் குக்கர் 700, அது ஓடும். கணினி படித்தவன், நிறையை எக்செலில் போட்டவன், இதைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் நாலு பேரும் ரோர்ச் லைற்றோடு பியூஸ் பெட்டியைத் தேடிப் போனார்கள். “இஞ்ச இல்லை!” “அங்கால பார்!” எல்லாம் தமிழில்.

இரண்டாம் நாள் காலையில்தான் அந்தச் சம்பவம். இந்த ஏரியில் காலையில் வடக்கிலிருந்து திரமொன்தானா என்ற காற்று வீசும். பின்னேரம் தெற்கிலிருந்து இன்வெர்னா. வடக்குக் கரையில் நின்றால் காலைக் காற்று கரையிலிருந்து உள்ளுக்குத் தள்ளும். மருமகள், ஒன்பது வயது, காற்றடித்த வளையத்தில் படுத்திருந்தாள். நான் கரையில் சின்னவர்களுக்குச் செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது அவள் நினைத்ததைவிடத் தூரத்தில் இருந்தாள். நான் கத்தினேன். கத்தியது டொச்சில். இறங்கு, திரும்பி வா என்று. அவள் சிரித்துக்கொண்டு கை காட்டினாள். மாமா ஏதோ பகிடி விடுகிறார் என்று நினைத்திருக்கிறாள். மறுபடியும் கத்தினேன், மறுபடியும் டொச். அப்போது என் மகன் பக்கத்தில் நின்று கத்தினான்: “மச்சாள், இறங்கி வாங்கோ! காத்து இழுக்குது!”

அவள் உடனே இறங்கினாள். தண்ணீர் அவளுக்கு நெஞ்சளவு. நான் போய்ச் சேர்ந்து கையைப் பிடித்தேன். இன்னும் பத்து மீற்றர் என்றால் கால் எட்டியிருக்காது.

சுவிஸ் உயிர்காப்புச் சங்கம் ஆறு குளிப்பு விதிகள் வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் கை எட்டும் தூரத்தில், காற்றடித்த சாமான் ஆழத்துக்குப் போகக்கூடாது என்பவையும் அதில் உண்டு. எனக்கு அவை டொச்சில் தெரியும். தங்கச்சிக்குப் பிரெஞ்சில் தெரியும். பிள்ளைகள் நாலு பேருக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு மொழியில் அவை எங்களிடம் இருக்கவில்லை. அன்று மத்தியானம் மேசையைச் சுற்றி இருந்து ஆறையும் தமிழில் சொன்னோம். ‘சூடான உடம்போட தண்ணிக்குள்ள பாயாதே.’ ‘ஆழம் தெரியாத தண்ணிக்குள்ள குதியாதே.’ சொல்லிப் பார்த்தால் அம்மா சொல்லுகிற மாதிரியே இருந்தது.

பின்னேரம் கரையில் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்கு மின்னத் தொடங்கியது. நிமிசத்துக்கு 40 தரம் என்றால் பலத்த காற்று வரலாம், கவனம். 90 தரம் என்றால் புயல் கிட்ட, உடனே கரைக்கு. பிள்ளைகள் தமிழில் எண்ணினார்கள். இருபத்தொன்பதில் எல்லாரும் தடுமாற, ஆறு வயது மருமகன் மட்டும் ‘முப்பது’ என்று கத்தினான். நாற்பதுதான். ஆனாலும் எல்லாரும் உள்ளே ஓடினோம்.

மழை வண்டிக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் வழக்கம்போல டொச்சில் கதைத்துக்கொண்டிருந்தோம். மேல் கட்டிலிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் ஏன் எனக்கு விளங்காத பாசையில கதைக்கிறனீங்கள்? ரகசியமா?”

பதில் இல்லை. எங்களைத் தமிழில் கதைக்கச் சொல்லாத ஆள் இல்லை. நாங்களும் பிள்ளைகளுக்கு அதையேதான் சொல்கிறோம்.

அவர்கள் நித்திரையான பிறகு தமிழில் கதைத்துப் பார்த்தோம். முதல் பத்து நிமிசம் நாடகம் நடிக்கிற மாதிரி இருந்தது. டொச்சில் அவள் என்னை நீ என்பாள். தமிழில் நீங்கள். எங்கட தமிழ் சாப்பாடு, நித்திரை, ஏச்சு வரைதான் வளர்ந்தது. வீட்டுக் கடனும் வேலை அலுப்பும் அதில் இல்லை. சொல் தேடித் தேடி மெதுவாகத்தான் கதைக்க முடிந்தது.

அப்படி மெதுவாகக் கதைக்கும்போதுதான் அவள் சொன்னாள்: “அண்ணா, நீங்கள் அண்டைக்கு அம்மாட்ட முழுக்கச் சொல்லேல்லை.”

ஆஸ்பத்திரியில் டொக்ரர் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தது நான். பத்து வயதிலிருந்தே கடிதம், வரி, டொக்ரர் எல்லாம் நான்தான். அன்று டொக்ரர் சொன்னதில் பாதியைத்தான் சொன்னேன். அதைப் பற்றி நாங்கள் நடைபாதையில் நின்று டொச்சில் சண்டை பிடித்தோம், அம்மாவுக்கு விளங்கக்கூடாது என்று. பிறகு இரண்டு வருசமாக அந்தக் கதையையே எடுக்கவில்லை.

“எனக்கு வாய் வரேல்லை” என்றேன். “அந்தச் சொல்லை அம்மாட்டத் தமிழில சொல்ல ஏலாமல் இருந்தது.”

அவள் கனநேரம் பேசவில்லை. பிறகு, “அவவுக்குத் தெரியும் அண்ணா. என்னட்டக் கேட்டவ. நான் சொன்னனான்” என்றாள்.

அதற்கு மேல் நாங்கள் கதைத்ததை இங்கே எழுதத் தேவையில்லை. டொச்சில் என்றால் இரண்டு பேரும் கெட்டிக்காரத்தனமாக வாதாடி முடித்திருப்போம்.

மூன்றாம் நாள் மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் வெர்சாஸ்கா பள்ளத்தாக்குக்குப் போனோம். அந்தக் குறுகிய பாதையில் கம்பரைக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. லவெர்தெத்சோவில் இரண்டு வளைவுக் கல்பாலம், பச்சைத் தண்ணீர். யூலையிலும் குளிர், இழுவையும் உண்டு. கால் மட்டும் நனைத்தோம். “ஒருத்தரும் உள்ளுக்கு இறங்கக்கூடாது” என்று இந்தத் தரம் மருமகள்தான் மற்ற மூன்று பேருக்கும் சொன்னாள்.

நாலு நாளில் பிள்ளைகளின் தமிழ் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். ‘அவன் என்னைத் தள்ளுறான், செ பா ஜூஸ்ற்’ என்றுதான் முறைப்பாடு வருகிறது. ஆனால் இப்போது ஞாயிறு பின்னேரம் மகனும் மருமகளும் தாங்களாகவே போனில் கதைக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்துக்கு இல்லாத அவசரம் அதற்கு இருக்கிறது, மற்றவள் மறுமுனையில் காத்திருக்கிறாள். தங்கச்சியும் நானும் பிள்ளைகள் முன்னால் தமிழ் என்று முடிவெடுத்திருக்கிறோம். பாதி நாள் மறந்துவிடுகிறோம். மருமகள் ஞாபகப்படுத்துகிறாள்.

உங்கட சகோதரங்களும் வேற மொழிப் பக்கத்திலோ வேற நாட்டிலோ இருந்தால், ஒருதரம் இப்படிப் போய்ப் பாருங்கோ. கம்பர்தான் வேண்டும் என்றில்லை, ஒதுங்க மூலை இல்லாத சின்ன இடம் எதுவும் காணும். கம்பர் எடுத்தால் பியூஸ் எத்தனை அம்பியர் என்று முதலே கேளுங்கோ, கெட்டிலை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கோ.