வரப்பிலே ஆவாரை இருக்கட்டும்

ராசிபுரம், நாமக்கல், ஓமலூர்ப் பக்கத்து மேட்டாங்காடுகளில் ஆவாரை தானாக முளைக்கிற செடி. போகியன்று காப்புக் கட்டத் தேடுகிறோம். மறுவாரமே வரப்பைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வேரோடு பிடுங்கிப் போடுகிறோம். அப்புறம், முருங்கையில் பூ கொட்டுது, காய் பிடிக்கலை என்கிறோம். அதற்குத் தண்ணீர்க் குறை போன்ற காரணங்களும் உண்டு; வண்டு வராததும் ஒன்று.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்து அதை உதிர்த்து எடுக்கும். தேனுக்கு? உங்கள் முருங்கைக்கும் துவரைக்கும்தான் வரும். வந்த இடத்தில் மகரந்தச் சேர்க்கை நடக்கும். பட்ட மரக்கட்டை ஒன்றிரண்டை விட்டுவையுங்கள், அது கூடு துளைப்பது அதில்தான்.

விதைத்தோல் கெட்டி. முற்றிய நெற்றிலிருந்து எடுத்த விதையைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, ஐப்பசி மழையில் மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். வேர் பிடித்தபின் தண்ணீர் கேட்காது. ஆடும் அவ்வளவாகக் கடிக்காது. இலையில் பச்சைப் புழுவைக் கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள்! வெளிர்நிறப் பட்டாம்பூச்சியின் புழு அது, கடலைக்குத் தாவாது. தழையை வெட்டி நெல் வயலுக்கு உரமாகப் போடலாம், பூத்து ஓய்ந்த பிறகு.