ஆர்எக்ஸ் 100 ஆசையா? முதலில் ஆர்.சி., பிறகு ஸ்பேனர்

“வண்டி செம கண்டிஷன்ணே. ஆர்.சி. மட்டும் இல்ல. அதான் இந்த ரேட்டு.”

பழைய யமஹா தேடி அலைகிற யாரும் இந்த வசனத்திலிருந்து தப்ப முடியாது. கேட்டதும் எழுந்து வருகிறவர்கள்தான் குறைவு. வாங்கி, வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு செலவழித்து, பெயின்ட், குரோம், புது சீட் எல்லாம் முடித்து, ரீல்ஸும் போட்ட பிறகே “ஆர்.சி.க்கு ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டு வருகிறார்கள். பதிவில் உள்ள உரிமையாளர் கிடைத்தால் வழி உண்டு. கிடைக்காவிட்டால் வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்கலாம், ரோட்டில் ஓட்ட முடியாது. இதைச் சொன்னால் நம் மீதே கோபப்படுகிறார்கள்.

98 சிசி ஆர்எக்ஸ் 100 இங்கே 1985இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் மூலம் வந்தது. தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி விற்றார்கள். 1996இல் உற்பத்தி நின்றது. ஆர்டி 350, ராஜ்தூத் 350 என்ற பெயரில் 1983இல் வந்து சில ஆண்டுகளே ஓடியது. ஓசூரில் தயாரான இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100ம் இதே தலைமுறை. கதை இவ்வளவு போதும். கவனிக்க வேண்டியது கணக்கை. தனிநபர் வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக வந்த ஆர்எக்ஸ் 100க்கே 2011, 2016, 2021, 2026 என்று கெடு வந்துவிட்டது. இவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் நீங்கள் வாங்குவது பதிவு காலாவதியான வண்டி.

வண்டி என்பது இரண்டு எண்கள்

சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் பைக்கின் அடையாளம் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும்தான். சேஸிஸ் எண் ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்துப் பகுதியிலும், இன்ஜின் எண் கிராங்க் கேஸிலும் அடிக்கப்பட்டிருக்கும். வண்டி பார்க்கப் போகும்போது டார்ச், பழந்துணி, வெள்ளைத் தாள், பென்சில் நான்கும் கையில் இருக்கட்டும். கிரீஸைத் துடைத்து, எண்ணின் மீது தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ‘சேஸிஸ் பிரிண்ட்’ என்று கேட்பார்களே, அதுதான். எழுத்துகள் வரிசை கோணியிருந்தாலோ, ஆழம் மாறியிருந்தாலோ, சுற்றிலும் அரம் ஓடிய தடமோ வெல்டிங் அடையாளமோ இருந்தாலோ அங்கேயே விட்டுவிடுங்கள். விலை பாதியாகக் குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

எண் சரியாக இருந்தால் இரண்டு இடத்தில் சரிபாருங்கள். முதலாவது எம்-பரிவாகன் செயலி. பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, நிதி நிறுவனக் கடன் பதிவு நிற்கிறதா என்பவை தெரியும். இரண்டாவதைத்தான் பலரும் செய்வதில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம், டிஜிட்டல் போலீஸ் குடிமக்கள் சேவைத் தளத்தில் வாகனத் தடையின்மைச் சான்று தருகிறது. பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டி திருட்டு வழக்குப் பதிவுகளில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். விற்பவர் நீட்டும் ஆர்.சி. ஜெராக்ஸைப் பார்த்து எண்களைப் போடாதீர்கள். நீங்கள் பென்சிலில் தேய்த்து எடுத்ததைப் போடுங்கள். காகிதத்தில் நல்ல வண்டியின் எண்ணும் இரும்பில் திருட்டு வண்டியின் எண்ணும் இருப்பதுதான் இந்தத் தொழிலின் பழைய வித்தை.

‘தெரியாமல் வாங்கிவிட்டேன்’ என்று சொல்லித் தப்பலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. ஆர்.சி. இல்லாமல் அடிமாட்டு விலைக்கு வந்ததையே அந்தக் காரணமாகக் காட்டலாம்.

எந்தச் சிக்கலுக்கு எந்தப் படிவம்

உரிமையாளர் உயிரோடு இருக்கிறார், விற்கிறார் என்றால் படிவம் 29, 30. விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் வெறும் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ‘நேம் டிரான்ஸ்ஃபர் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நான்கு கை மாறுவது இங்கே வழக்கமாகிவிட்டது. விற்பவர்களும் கேளுங்கள்: நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் விழும். பத்து வருடத்துக்கு முன் விற்ற பைக்குக்காக இன்று நீதிமன்றப் படி ஏற வேண்டுமா?

உரிமையாளர் இறந்துவிட்டார், அப்பாவின் வண்டி, தாத்தாவின் வண்டி என்றால் படிவம் 31. இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை வேண்டும். காலம் கடந்திருந்தாலும் முயலுங்கள். அபராதம் கட்ட நேரலாம், ஆனால் கதவு மூடிவிடாது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆர்.சி. தொலைந்திருந்தால் படிவம் 26. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காணாமல் போன ஆவண அறிக்கையை எடுத்து இணைக்க வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவில் உள்ள உரிமையாளர்; நீங்கள் அல்ல. பழைய கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்தால் நிதி நிறுவனத்தின் கையெழுத்தோடு படிவம் 35. அந்த நிறுவனமே மூடிப்போயிருந்தால் அதைத் தீர்த்துத் தருவது விற்பவர் பொறுப்பு. தீர்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பதிவு காலாவதியாகியிருந்தால் படிவம் 25. வண்டியை நேரில் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம், ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம், காட்ட வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி மூன்றும் முடிந்திருக்க வேண்டும். 20 ஆண்டைக் கடந்த பைக்குக்குப் புதுப்பித்தல் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் கட்டணமும் விதியில் இருக்கிறது. பத்து வருடம் விட்டுப்போன வண்டி என்றால் விலை பேசும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

புகைச் சான்றில் ஒரு விவரம். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனங்களுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. பின்னால் வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இது 3.5 சதவீதம், 6,000 பிபிஎம். சோதனை மையத்தில் தோல்வி என்றால், எந்த அளவை வைத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

1989க்கு முந்தைய மூன்றெழுத்து எண், கையால் எழுதிய ஆர்.சி. புத்தகம் என்றால் அது வண்டிப் பதிவுகள் இருக்கும் ‘வாகன்’ இணையதளத்தில் ஏறாமலே இருக்கலாம். முதலில் பதிவான அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து ‘பேக்லாக்’ பதிவாக ஏற்ற வேண்டும். உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போய், பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். இதையும் பணம் கொடுப்பதற்கு முன்னால்.

‘வின்டேஜ்’ என்ற கனவு

“வின்டேஜ்ல ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம் ப்ரோ” என்று சொல்லி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2021இல் வந்த மத்திய விதிப்படி வின்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி. 1985இல் வந்த முதல் ஆர்எக்ஸ் 100க்கே அந்தத் தகுதி 2035இல்தான் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அதன் பிறகும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கே ரோட்டில் எடுக்கலாம். தினமும் வேலைக்கு ஓட்ட அனுமதி கிடையாது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பயம்: ‘15 வருஷம் ஆனா ஸ்கிராப் பண்ணணுமாம்.’ வயதை மட்டும் வைத்து ஓரங்கட்டும் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் தகுதியுள்ள தனிநபர் வண்டியின் பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். இந்தப் பயத்தைக் காட்டி நல்ல ஆர்.சி. உள்ள வண்டியை இரும்பு விலைக்கு அடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிராமத்தில் கொட்டகையில் வண்டி வைத்திருக்கிற பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மணல் அடிக்கும் முன்

மீட்டமைப்பில் அதிகம் நடக்கிற விபத்து பெயின்ட் கடையில்தான். ஃபிரேமுக்கு மணல் அடித்து பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது முப்பது வருடத் துருவில் தேய்ந்த எண் மறைந்துவிடும். பிறகு ஆய்வாளர் முன்னால் நின்று எவ்வளவு கெஞ்சினாலும் அவர் கையெழுத்துப் போட மாட்டார். போடவும் கூடாது. எண் இருக்கும் இடத்தைத் தடித்த டேப்பால் மூடச் சொல்லுங்கள். அதற்கு முன்பே சேஸிஸ் பிரிண்ட் எடுத்து, படமும் எடுத்து வையுங்கள். எண் ஏற்கெனவே அழிந்திருந்தால் பதிவு அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதியுடன் மட்டுமே மறுபடி அடிக்க வேண்டும். பட்டறையில் யாரோ அடித்துத் தந்த எண் குற்றத்துக்கான சாட்சி.

இன்ஜின் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். சிலிண்டர் பிளாக், ஹெட், பிஸ்டன் மாற்றினால் இன்ஜின் எண்ணுக்கு ஒன்றும் ஆகாது. எண் இருப்பது கிராங்க் கேஸில். கிராங்க் கேஸையோ முழு இன்ஜினையோ மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன் கீழ் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். விற்றவரின் பெயர், முகவரி, இன்ஜின் எண் எழுதிய பில் இல்லாமல் இன்ஜின் வாங்காதீர்கள். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். ஆர்எக்ஸ் 100இல் ஆர்எக்ஸ் 135 இன்ஜினை ஏற்றிச் சொல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு: பிரிவு 182ஏ-படி, சட்டத்தை மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுகிற காரணமும் இதுதான்.

‘ஒரிஜினல்’ ஸ்பேர்

சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, மற்ற ஊர்களில் அந்தந்தப் பழைய ஸ்பேர் கடை வீதி. எல்லாக் கடையிலும் எல்லாமே ‘ஒரிஜினல் ஜப்பான்’. உற்பத்தி நின்று சுமார் முப்பது வருடம் ஆன வண்டிக்கு இவ்வளவு ஜப்பான் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

பிரேக் ஷூ, கேபிள், வீல் பேரிங், செயின் செட், டயர் ஆகியவற்றைப் பழசாக வாங்கவே வேண்டாம். நிறுவனக் கவுன்டரிலோ பெயர் தெரிந்த உதிரிபாக நிறுவனத்தின் டீலரிடமோ புதிதாக, பில்லோடு வாங்குங்கள். டேங்க், சைடு பாக்ஸ், மீட்டர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குப் பழைய கடைக்குப் போகலாம். பிஸ்டன் வாங்குவதற்கு முன் சிலிண்டரை அளந்து பாருங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் ஏறிக்கொண்டே போகும். கடைசி அளவில் இருக்கிற சிலிண்டரை இன்னொரு முறை போர் அடிக்க இடம் இல்லை.

உறையில் அடைத்த புது ஸ்பேர் என்றால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் தொடர்பு விவரம் கட்டாயம் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டமுறை எடையளவு விதிமீறல். புகார் செய்ய வேண்டிய இடம் காவல் நிலையம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் உறையையும் பில்லையும் வைத்து எழுதிக் கொடுங்கள். பில் இல்லை என்றால் புகாரும் இல்லை. ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில்லை வேண்டாம் என்கிறவர்கள் தங்கள் உரிமையை அந்த விலைக்கு விற்கிறார்கள்.

மெக்கானிக்கிடம் விடும்போது

அட்வான்ஸ் கொடுத்து வண்டியை விட்டு ஒரு வருடம் ஆகியும் பிரித்த நிலையிலேயே கிடக்கிறது என்ற புலம்பல் வாரம் ஒன்று வருகிறது. வாய்ப்பேச்சில் விட்டால் இப்படித்தான். விடும் நாளில் ஒரு தாளில் இரு எண்கள், கழற்றும் முன் எடுத்த படங்கள், செய்ய வேண்டிய வேலை, முடிக்கும் தேதி, தொகை இவற்றை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை யூ.பி.ஐ.யில் அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்றும் எழுதுங்கள். நல்ல கார்புரேட்டர் போய் டூப்ளிகேட் வந்திருப்பது பெரும்பாலும் இங்கேதான்.

தேதி தவறினால் விரைவு அஞ்சலில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு, 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வண்டியையே விற்றுவிட்டார் என்றால் அது நம்பிக்கை மோசடி, காவல் நிலையத்துக்கான விஷயம்.

‘ரெக்கார்டு இல்ல’ என்றால்

பழைய வண்டி என்றாலே சில அலுவலகங்களில் முகம் சுளிக்கிறார்கள். ‘ரெக்கார்டு இல்ல, போங்க’ என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அப்படிப் போய்விடாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு: ‘இந்தப் பதிவு எண்ணின் பதிவேட்டுப் பக்க நகல் வேண்டும்; இல்லையென்றால் அது எப்போது, எந்த உத்தரவின்படி அழிக்கப்பட்டது?’ 30 நாளில் பதில் தர வேண்டும். வாயால் ‘இல்ல’ என்றவர்களுக்குத் தாளில் எழுதும்போது கை தயங்கும். அந்தத் தயக்கத்தில் பல பதிவேடுகள் கிடைத்திருக்கின்றன. பதிவு அலுவலகம் உங்கள் மனுவை மறுத்து உத்தரவு போட்டால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 57இன் கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எனவே மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புரோக்கரிடம் ஐயாயிரம் கொடுத்தால் ‘எப்படியோ’ முடித்துத் தருகிறாரே என்று போகாதீர்கள். அந்த ‘எப்படியோ’வுக்குக் கணக்குக் கேட்கும் நாளில் பொய்யான ஆர்.சி.யில் இருக்கப்போவது உங்கள் பெயர், புரோக்கர் பெயர் அல்ல.

மறுபடியும் வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் மாற்றிச் செய்துவிட்டுத்தான் வருகிறீர்கள். முதலில் இரும்பில் உள்ள எண். அடுத்து வாகன் பதிவும் திருட்டுப் பதிவும். பிறகு உரிமையாளர் அல்லது வாரிசின் கையெழுத்து. பிறகு பணம். உடனே பெயர் மாற்றம். வண்டியை ஓட்டும் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து, ஆய்வாளரிடம் காட்டிப் பதிவைப் புதுப்பியுங்கள். குரோமும் பெயின்டும் கடைசியில்.