உஷார்! ‘பொண்ணு பயப்படுது’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்

படையில் மகள் இருக்கும் வீட்டாரும், படையில் பத்துப் பேருக்காவது கட்டளையிடும் இடத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். டியூட்டியில் இருக்கும் ஒரு பெண் “இங்கே ஏதோ சரியில்லை” என்று தகவல் சொல்கிறாள். மேலே இருப்பவர் காதில் அது தகவலாக விழாமல் பயமாக விழுகிறது. இந்தச் சறுக்கலுக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

நஹால் ஓஸ். காஸா வேலியை ஒட்டி இருக்கும் இஸ்ரேலிய ராணுவ முகாம். வேலியைக் கேமரா வழியே கண்காணிக்கும் வேலை அங்கே இளம்பெண்களுடையதாக இருந்தது. கட்டாய ராணுவ சேவைக்கு வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருத்திக்கும் வேலியில் ஒரு துண்டு. ஷிஃப்ட் முடியும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மாதக்கணக்கில் அதே வயலையும் அதே ஆட்களையும் பார்த்துப் பார்த்து, தெருமுனைக் கடைக்கார அம்மாவுக்குத் தெரு அத்துப்படி ஆவதுபோல, அவர்களுக்கு அந்தத் துண்டு நிலம் அத்துப்படி. புதிதாக ஒருவன் வந்து நின்றாலே தெரிந்துவிடும்.

2023-ல் அவர்கள் திரையில் தெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆயுதம் தாங்கியவர்கள் தாக்குதல் ஒத்திகை பார்க்கிறார்கள். பணயக்கைதி பிடிப்பதுபோலப் பழகுகிறார்கள். விவசாயிகள் என்று வருபவர்கள் வழக்கத்துக்கு மாறாக வேலியை நெருங்குகிறார்கள். எல்லாவற்றையும் மேலிடத்துக்குச் சொன்னார்கள், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில், ராணுவத்தின் 8200 உளவுப் பிரிவில் அனுபவம் வாய்ந்த பெண் ஆய்வாளர் ஒருவரும் எச்சரித்தார். காஸாவை ஆண்ட ஆயுத இயக்கமான ஹமாஸின் தாக்குதல் திட்டம், ‘ஜெரிகோ சுவர்’ என்று இஸ்ரேல் பெயரிட்டிருந்தது, ஏற்கெனவே ராணுவத்தின் கையில் இருந்தது. அதோடு அப்படியே பொருந்தும் பயிற்சி நடந்திருக்கிறது என்பதே அவர் சொன்னது. காஸா பிரிவின் கர்னல் ஒருவர் அதைக் கற்பனை என்று ஒதுக்கினார்.

அக்டோபர் 7 காலை ஹமாஸ் தாக்குதலில் முகாம் விழுந்தது. 53 ராணுவத்தினர் கொல்லப்பட்டனர். திரை பார்த்த பெண்களில் 15 பேர் செத்தார்கள், ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கன்ட்ரோல் ரூமுக்குத் தீ வைக்கப்பட்டது. அந்தப் பெண்களிடம் துப்பாக்கிகூடக் கிடையாது.

பழியை முழுக்க ஆண்–பெண் கணக்கில் எழுதிவிட முடியாது. ஹமாஸ் இப்போதைக்கு அடங்கிக் கிடக்கிறது என்ற நம்பிக்கை உச்சிவரை ஊறியிருந்தது. பதவி ஏணியின் கடைசிப் படியில் இருப்பவர் பேச்சு எந்தப் படையிலும் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் திரைக்கு முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று அங்கே பணியாற்றிய பெண்களே பிறகு சொன்னார்கள். அதைப் புலம்பல் என்று தள்ளினால், முதலில் நடந்த தவறையே மறுபடி செய்கிறோம்.

இந்த இடத்தில்தான் இன்னொரு பள்ளம். டெபோரா டேனன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1990-ல் எழுதிய புத்தகத்தில், ஆண்கள் பேச்சு தகவல் சொல்வதை நோக்கியும் பெண்கள் பேச்சு உறவு வளர்ப்பதை நோக்கியும் சாய்கிறது என்றார். அவர் பேசியது அன்றாட உரையாடலைப் பற்றி. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, “பெண்களே, ஆண்போலப் பேசப் பழகுங்கள்” என்று சீருடைக்குள் பாடம் நடத்தினால் நோய் ஓரிடம், மருந்து வேறிடம். நஹால் ஓஸ் பெண்கள் மனக்கலக்கத்தை ஒப்பிக்கவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். அதற்குமேல் எப்படிப் பேசுவது? குரலை உயர்த்தினால் “ஏன் கத்துற?” என்பார்கள். தணித்தால் “நீயே உறுதியாச் சொல்லலையே” என்பார்கள்.

காது மட்டுமல்ல, கருவியும் ஏமாற்றும். போர்விமானக் காக்பிட் இரைச்சலில் பெண்குரல் எவ்வளவு புரிகிறது என்று அமெரிக்க விமானப்படை ஆய்வாளர்கள் சோதித்து 1998-ல் வெளியிட்டார்கள். ஆண்குரலைவிடக் கொஞ்சம் குறைவாகப் புரிந்தது. ஆனால் இரைச்சல் உச்சத்துக்குப் போகும்போது மட்டுமே அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதாக இருந்தது. அப்படியென்றால் மைக்கையும் ஹெட்செட்டையும் அல்லவா சரிபார்க்க வேண்டும்? வேடிக்கை என்னவென்றால், விமானிக்கு ஆபத்தை அறிவிக்கப் பதிவுசெய்து வைத்ததும் பெண்குரல்தான். உயிரைக் காக்கும் அந்தக் குரலுக்கு பிரிட்டிஷ் விமானிகள் வைத்த பட்டப்பெயர் ‘நச்சரிக்கும் நோரா’.

நம் ஊருக்கு வருவோம். கிராமப் பின்னணியிலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண் அதிகாரியின் தலைமையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2020 பிப்ரவரி 17-ல் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, பெண்களுக்கு நிரந்தரப் பணி கொடுக்கச் சொன்னது. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1992 முதலே பெண்களைத் தயார்செய்கிறது. 2025 மே 7 அன்று, பாகிஸ்தானில் இந்தியப் படைகள் நடத்திய ஆபரேஷன் சிந்தூர் தாக்குதல் பற்றி இரண்டு பெண் அதிகாரிகள் மைக் முன் சொல்ல, நாடே கேட்டது. நல்லது. ஆனால் கேமரா இல்லாத ராத்திரி டியூட்டியில், இருபது வயது அக்னிவீர் பெண் ஒருத்தி ஒயர்லெஸ்ஸில் சொல்வதும் அப்படிக் கேட்கப்படுகிறதா?

வீட்டில் “அடக்கமாப் பேசு” என்று வளர்த்த பெண்ணைத்தான் படைக்கு அனுப்புகிறோம். “சார், தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க” என்று தொடங்கும் பழக்கம் அங்கே கூடவே போகக் கூடாது. சொல்ல வேண்டியவை இடம், நேரம், எண்ணிக்கை, பார்த்தது. சொன்னதை எதிர்முனை திருப்பிச் சொல்லும்வரை விடக் கூடாது. நேரம் போட்டு லாக் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கு: அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் ஒரு விதி உண்டு. சக விமானி இரண்டு முறை எச்சரித்தும் மற்றவர் பதில் தராவிட்டால், எச்சரித்தவரே அவர் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு வேண்டாம் என்றால், இன்றிரவே லாக் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒரே ஆள் ஒரே விஷயத்தை மூன்று தடவை எழுதி, எதிரே ஒரு நடவடிக்கையும் இல்லாமல் இருந்தால், விடிவதற்குள் அந்த ஆளைக் கூப்பிட்டு, திரையைக் காட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.